புது கீசர் வாங்குமுன் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

கீசர் கெட்டுப்போன அன்றே கடைக்குப் போகாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் நடப்பது அதுதான். மார்கழிக் காலையில் தண்ணீர் சுடவில்லை, வீட்டில் கைக்குழந்தையோ முட்டிவலியுள்ள பெரியவரோ இருக்கிறார், சாயங்காலமே நேரு வீதியில் ஏதாவது ஒரு கடையில் ஏறி, எந்தப் பெட்டியில் நட்சத்திரம் அதிகமோ அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். மூன்று நான்கு வருடத்தில் அதுவும் ஒழுக ஆரம்பிக்கும். திரும்பவும் கடை, திரும்பவும் செலவு.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன், அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில். இரண்டு வீட்டிலும் சேர்த்து ஐந்து கீசர் பார்த்தாகிவிட்டது. நம் கடலோர ஊர்களில் கீசரைத் தின்பது தண்ணீர்தான். எந்த கம்பெனி, என்ன நிறம், எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் அதற்கப்புறம் வரும் கேள்விகள். உங்கள் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது, சுவர் எப்படி இருக்கிறது, ஒயரும் எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று இந்த மூன்றையும் வீட்டிலேயே பார்த்து முடித்துவிட்டுக் கடைக்குப் போனால், அங்கே பத்து நிமிட வேலை.

பழையது ஏன் போனது?

எல்லாக் கோளாறுக்கும் புதுசு தேவையில்லை. தண்ணீர் சுடவே இல்லை, ஆனால் ஒழுக்கும் இல்லை என்றால் எலிமென்ட்டோ (தண்ணீரைச் சுட வைக்கும் கம்பி) தெர்மோஸ்டாட்டோ (வைத்த சூடு வந்ததும் நிறுத்துவது) கட்‌அவுட்டோ (சூடு மீறினால் கரன்ட்டை வெட்டுவது) போயிருக்கும். இவை தனித்தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். சுவிட்ச் போட்டவுடன் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானே வெட்டும் சுவிட்ச்) விழுகிறது என்றால் பெரும்பாலும் எலிமென்ட்டின் உறை வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும். அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுக் குளிக்க வேண்டாம், சரிசெய்யும்வரை அந்த சுவிட்சையே தொடாதீர்கள்.

ஒழுகுகிறது என்றால் எங்கிருந்து என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பைப் இணைப்பில் என்றால் வாஷர், டெஃப்லான் டேப்போடு முடியும். அடித்தட்டு கேஸ்கெட்டில் என்றால் கேஸ்கெட் மாற்றினால் போதும். வெளிமூடிக்குள்ளிருந்து துருநிறத்தில் சொட்டுகிறது என்றால் டேங்க் ஓட்டையாகிவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே சுடுதண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிற பாத்திரம் அது.

டேங்க் போய்விட்டது என்று தெரிந்தாலும் காயலான் கடைக்குப் போடுமுன் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் முதல் கீசரை இறக்கிய அன்று மெக்கானிக் அண்ணன் அதைக் குளியலறைத் தரையில் கவிழ்த்து வைத்து, அடித்தட்டின் போல்டுகளைக் கழற்றி எலிமென்ட்டை இழுத்தார். வரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் சுற்றிலும் தட்டிவிட்டு மறுபடி இழுத்தார். முட்டை ஓடு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வெள்ளையும் பழுப்புமாகச் சுண்ணாம்புக் கட்டிகள் பொலபொலவென்று கொட்டின. பக்கெட்டில் அள்ளிப் போட்டால் கால்வாசிக்கு வந்தது. சில கட்டிகளில் எலிமென்ட்டின் வளைவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு கம்பி, சைக்கிள் ஸ்போக் அளவுக்கு ஒல்லியாக, அங்கங்கே அரித்துப்போய் நீட்டிக்கொண்டிருந்தது. “இது என்னன்னு தெரியுதாம்மா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். “ஆனோடு ராடு. வாங்கும்போது என் விரல் தண்டி இருந்திருக்கும். இது கரைஞ்சு தீர்ந்ததுக்கு அப்புறம்தான் தண்ணி டேங்கைத் தின்ன ஆரம்பிச்சிருக்கு” என்றார்.

அந்த ராடு மக்னீசியத்தால் ஆனது. இரும்பைவிட மக்னீசியம் எளிதில் அரிபடும் உலோகம் என்பதால், டேங்குக்குள் நடக்க வேண்டிய அரிப்பைத் தானே வாங்கிக்கொண்டு கரையும். தண்ணீரில் உப்பு எவ்வளவு அதிகமோ, அந்தத் தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தும், ராடும் அவ்வளவு வேகமாகக் கரையும். அதனால்தான் வேறு ஊரில் வருடக்கணக்கில் நிற்கிற ராடு நம் ஊரில் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. தீர்ந்ததும் மாற்றியிருந்தால் டேங்க் பிழைத்திருக்கும். இப்படி ஒரு பொருள் உள்ளே இருப்பதாக வாங்கிய நாளில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆக, உங்கள் பழைய கீசரில் மூன்று விஷயம் பாருங்கள். சுண்ணாம்பு எவ்வளவு, ராடு மிச்சம் இருக்கிறதா, டேங்க் எந்த இடத்தில் துளை விட்டிருக்கிறது. புதுசு எப்படி இருக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

தண்ணீரைச் சோதிப்பது

உப்பும் கடினமும் ஒன்றல்ல, இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம். கடினத்தன்மை என்பது அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பது. எலிமென்ட்டில் சுண்ணாம்பாகப் படிவது கடினத்தன்மை. டேங்கை அரிப்பது பெரும்பாலும் குளோரைடு, அதாவது கடல் உப்பு வகை. கடலுக்குப் பக்கத்தில் போர் போட்ட வீடுகளில் இரண்டுமே இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம். குடிநீருக்கான இந்திய தர அளவு டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 2000 வரை. கடினத்தன்மை 200, வேறு வழியில்லை என்றால் 600 வரை. குளிக்கிற தண்ணீருக்கு இந்த எல்லை இல்லையென்றாலும், உங்கள் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஆர்ஓ சர்வீசுக்கு வருகிறவரிடம் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கும், குளியலறைக் குழாய்த் தண்ணீரையும் ஒரு தடவை அளந்து சொல்லச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார். ஆனால் அது கடினத்தன்மையைச் சொல்லாது. அதற்கு வீட்டிலேயே அடையாளம் உண்டு. துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் சரியாகக் குழையவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, ஷவர் துளைகளில் வெள்ளை அடைப்பு, தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் சாம்பல் பூத்த மாதிரி படிவு, இவை இருந்தால் கடினத் தண்ணீர்தான். எண்ணாகவே தெரிய வேண்டும் என்றால் கடலூர்க்காரர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர் வருவதும் இங்கே சகஜம். காலையில் பைப்புத் தண்ணீர், பற்றாக்குறைக்குப் போர் தண்ணீர், இரண்டும் ஒரே மாடித் தொட்டியில். அப்படியென்றால் மோசமானது எதுவோ அதை வைத்துத்தான் கீசர் வாங்க வேண்டும். முடிந்தால் குளியலறைக்கு மட்டும் பைப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தனி லைன் இழுங்கள், அந்த ஒரு வேலைக்கு ஆகும் செலவு கீசரின் ஆயுளில் திரும்பி வந்துவிடும். (பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபமே முத்திரப்பாளையத்திலிருந்து இந்த ஊருக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாகக் கட்டியதுதான். கடலோர ஊருக்கு நல்ல தண்ணீர் என்றைக்குமே பெரிய விஷயம்.)

எத்தனை லிட்டர்?

இங்கேதான் நிறையப் பேர் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. மார்கழியில்கூட மாடித் தொட்டித் தண்ணீர் சில்லென்று கையைக் கடிக்கும் அளவுக்குப் போவதில்லை. ஊட்டியில் இருக்கிறவர்கள் சொல்கிற கணக்கு நமக்குப் பொருந்தாது.

ஒரு கணக்குப் போடுவோம். குழாய்த் தண்ணீர் 27 டிகிரி, கீசரில் 60 டிகிரி, குளிக்க இதமான சூடு 40 டிகிரி என்று வையுங்கள். 20 லிட்டர் பக்கெட் ஒன்று 40 டிகிரியில் நிரம்ப, கீசரிலிருந்து 8 லிட்டர் எடுத்தால் போதும், மீதி 12 லிட்டர் பச்சைத் தண்ணீர். அப்படிப் பார்த்தால் 15 லிட்டர் கீசர் ஒரு மூச்சில் ஒன்றரை பக்கெட்டுக்குத் தாராளமாக வரும் (உள்ளே புதுத் தண்ணீர் கலந்துகொண்டே இருப்பதால் இரண்டு முழுதாகக் கிடைக்காது). 2 கிலோவாட் எலிமென்ட் அந்த 15 லிட்டரைச் சுட வைக்க 17 நிமிடம் எடுக்கும், 25 லிட்டர் என்றால் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கெட் வைத்துக் குளிக்கிற நான்கு பேர் வீட்டுக்கு, ஒருவர் முடித்து அடுத்தவர் போகும் இடைவெளியோடு, 15 லிட்டர் போதும். எல்லோரும் ஷவரில் நிற்கிறவர்கள், அதுவும் பள்ளிக்கூடம் ஆபீஸ் என்று அடுத்தடுத்துப் போகிறவர்கள் என்றால் 25.

மின்சாரக் கணக்கும் இதிலிருந்தே வரும். நான்கு பேர், ஆளுக்கு ஒரு பக்கெட், தினமும் என்றால் மாதத்துக்குச் சுமார் 37 யூனிட். அக்கா வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுப்பதால் அது ஒரே பில்லில் 74 யூனிட்டாக வந்து உட்காரும். தமிழ்நாட்டில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்றாலும், கீசரின் யூனிட்டுகள் ஏற்கெனவே ஓடுகிற ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசிக்கு மேலே சேர்வதால் மேல் ஸ்லாபின் விலையில்தான் கணக்காகும்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரைப் பற்றிக் கேட்பீர்கள். 3 கிலோவாட் எலிமென்ட், நம் ஊர்த் தண்ணீருக்கு நிமிடத்துக்கு 3 லிட்டருக்கு மேல் 40 டிகிரியில் தரும், அதாவது ஆறு ஏழு நிமிடத்தில் ஒரு பக்கெட். ஒன்றிரண்டு பேர் இருக்கிற வீடு, வாடகை வீடு, சமையலறைத் தொட்டி, இதற்கெல்லாம் உண்மையிலேயே நல்ல தேர்வு. காலி செய்யும்போது கழற்றி எடுத்துப்போகவும் எளிது. ஆனால் கடினத் தண்ணீரில் சின்ன டேங்க் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், பெரும்பாலானவற்றில் ஆனோடு ராடும் கிடையாது. 4.5 கிலோவாட் வகையை நம்பி வாங்கிவிடாதீர்கள், அது கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும், வீட்டிலிருக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகவே கூடாது.

நிற்கிற மாடலா படுக்கிற மாடலா என்றால், இடம் இருந்தால் நிற்கிறதே. அதில் சுடுதண்ணீர் மேலேயும் புதுத் தண்ணீர் கீழேயுமாகத் தனித்தனியே நிற்கும், அதனால் கலக்காமல் அதிகம் கிடைக்கும். பரணுக்குக் கீழே உயரமே இல்லை என்றால் மட்டும் படுக்கை மாடல்.

கடையில் என்ன கேட்பது

டேங்க் எதனால் ஆனது என்பதுதான் முதல் கேள்வி. பொதுவாக இரண்டு வகை எதிர்ப்படும். ஒன்று எஃகு டேங்கின் உள்ளே கண்ணாடிப் பூச்சு கொடுத்து, கூடவே ஆனோடு ராடு வைத்தது. இன்னொன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நம் சமையலறைப் பாத்திரத்தை வைத்து நினைக்கிறோம். குளோரைடு அதிகமான தண்ணீர் தினமும் சூடாகி நிற்கும்போது, குறிப்பாக வெல்டு ஓரங்களில், ஊசி குத்தின மாதிரி துளை விடும். அதனால் உப்புத் தண்ணீர் வீட்டுக்கு என் தேர்வு கண்ணாடிப் பூச்சு டேங்க், ஆனால் ராடை நேரத்துக்கு மாற்றுகிறவர்களுக்கு மட்டும். மாற்ற மாட்டோம், அதையெல்லாம் யார் பார்ப்பது என்றால் அந்தப் பூச்சால் பெரிய லாபம் இல்லை, பூச்சில் எங்காவது ஒரு நுண்ணிய விரிசல் இருந்தால் போதும், அடியில் இருப்பது இரும்புதான். தண்ணீரில் உப்பு குறைவு, கடினம் மட்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் தாராளமாக வாங்கலாம்.

கூடவே கேளுங்கள்: ராடு தனியாக இந்த ஊரிலேயே கிடைக்குமா? இந்த மாடலுக்கு எலிமென்ட், கேஸ்கெட் கிடைக்குமா? எத்தனை நாளில்? நல்ல கம்பெனி என்று பேர் இருந்து, புதுச்சேரியில் சர்வீஸ் ஆள் இல்லை, சென்னையிலிருந்து வர வேண்டும் என்றால் எனக்கு அது வேண்டாம். ரகோல்டு, ஏ.ஓ. ஸ்மித், வி-கார்டு, பஜாஜ், ஹாவெல்ஸ் என்று கடையில் வரிசையாக நிற்கும். எதை எடுத்தாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொண்டு எடுங்கள்.

எலிமென்ட்டில் செம்பு உறை, இன்கலாய் (நிக்கல் கலந்த உலோகம்) உறை, கண்ணாடிப் பூச்சுள்ளது என்று வகை உண்டு. கடினத் தண்ணீருக்கு இன்கலாயோ கண்ணாடிப் பூச்சோ நல்லது. சுண்ணாம்பு போர்த்தினால் எலிமென்ட்டின் சூடு தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தேங்கி, கடைசியில் உறை வெடிக்கும். இந்த வகைகள் அதைக் கொஞ்சம் தாங்கும்.

கடற்காற்று படுகிற வீடு, அதாவது குருசுகுப்பம், வம்பாகீரப்பாளையம், தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கிறவர்கள் வெளிமூடி பிளாஸ்டிக்கில் இருக்கிறதையே வாங்குங்கள். தகர மூடி, எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்திருந்தாலும், அடி ஓரத்திலிருந்து துருப்பிடித்து வரும்.

நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டேங்க் கீசருக்குக் கொடுக்கும் நட்சத்திரம், சுட்ட தண்ணீரை அப்படியே வைத்திருந்தால் ஒரு நாளில் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான். சுட வைக்க ஆகும் மின்சாரம் எல்லா எலெக்ட்ரிக் கீசரிலும் கிட்டத்தட்ட ஒன்றே. நாள் முழுவதும் போட்டு வைத்திருக்கிற வீட்டில் ஐந்து நட்சத்திரம் நன்றாகவே மிச்சப்படுத்தும். குளிக்க இருபது நிமிடம் முன்பு போட்டு, முடித்ததும் நிறுத்துகிற வீட்டில் வித்தியாசம் சொற்பம். அந்தப் பணத்தை நல்ல டேங்குக்கும் எர்த்துக்கும் போடுங்கள் என்பேன். ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் இருந்தே ஆக வேண்டும், டேங்க் கீசருக்கு அதன் கூடவே ஐஎஸ் 2082 என்று அச்சடித்திருக்கும்.

வாரன்டியில் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வருடம் டேங்குக்கு மட்டும். எலிமென்ட்டுக்கு வேறு, மற்ற பாகங்களுக்கு வேறு. உள்ளே இருக்கும் அட்டையில் தண்ணீரின் தரத்துக்கு வரம்பு போட்டிருக்கிறதா, ராடை மாற்றாவிட்டால் வாரன்டி போய்விடுமா என்று கடையிலேயே படித்துவிடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். மாட்டுகிற கூலி, இணைப்புப் பைப், வால்வு இதெல்லாம் விலையில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் இரண்டு கடையின் விலையை ஒப்பிட முடியும்.

கேஸ் கீசர், சோலார்

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. பேரம் பேசுகிற விஷயமில்லை இது. மூடின அறையில் கேஸ் எரியும்போது காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு வாசனை கிடையாது, குளிக்கிறவர் மயங்கி விழுந்த பிறகு கதவைத் தட்டுகிறவருக்குத்தான் தெரியும். இப்படி நம் நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. கேஸ்தான் வேண்டும் என்றால் காற்றோட்டமுள்ள பால்கனியிலோ வெளிச் சுவரிலோ மாட்டி, சுடுதண்ணீர்ப் பைப்பை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதற்கு இடமில்லை என்றால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

சோலாருக்கு வெயில் பஞ்சமில்லை. ஆரோவில் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் அகலக் கிண்ணத்தையே சூரிய வெப்பத்தில் சமையலுக்கு நீராவி எடுக்கக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில். சுடுதண்ணீர் தேவைப்படும் நாட்களிலேயே வானம் மூடியிருக்கும், ஆகவே கரன்ட் எலிமென்ட் துணைக்கு இல்லாமல் சோலார் மட்டும் போதாது. கடினத் தண்ணீர் நேராகக் கண்ணாடிக் குழாய்களுக்குள் போனால் அங்கேயும் சுண்ணாம்பு அடைக்கும், அதனால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (குளிக்கிற தண்ணீரைக் குழாய்க்குள் விடாமல், சூட்டை மட்டும் அதற்குக் கடத்தும் அமைப்பு) உள்ளதைக் கேளுங்கள். காற்றும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர்கள் நாம், ஸ்டாண்டை நாலு செங்கல் வைத்து நிறுத்திவிட்டுப் போகிற ஆளுக்கு வேலை கொடுக்காதீர்கள், கான்கிரீட்டில் போல்டு இறங்க வேண்டும்.

ஒயரும் எர்த்தும்

2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பவர் பிளக்கும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வேண்டும், மெயின் போர்டிலிருந்து நேராகத் தனி லைனாக வந்தால் நல்லது. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, ஈரக்கை படாத இடத்தில், பேஸ் (கரன்ட் வரும் ஒயர்), நியூட்ரல் (கரன்ட் திரும்பும் ஒயர்) இரண்டையும் ஒரேசேர வெட்டும் டிபி சுவிட்ச்.

எர்த் இல்லாத வீட்டில் கீசர் மாட்டாதீர்கள். பிளக்கில் மூன்று துளை இருக்கிறது என்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பழைய வீடுகளில் மேல் துளை வெறுமையாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பிளக்கிலேயே மீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளேயே முடிச்சுப்போட்டுச் சமாளிக்கிற ஆளை உடனே நிறுத்துங்கள், நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசர் உடம்பு முழுக்கக் கரன்ட் வந்து நிற்கும். கடற்கரை மண்ணில் எர்த் பைப்பும் சீக்கிரம் அரிபடும், வெயில் காலத்தில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இத்தோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், கரன்ட் கசிந்து ஆள்மேல் பாயும்போது வெட்டுவது ஆர்சிசிபிதான். புது கீசருக்குச் செலவழிக்கும் பணத்தில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

மாட்டும் நாள்

25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ, டேங்கோடு 35 கிலோவைத் தொடும். புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் பூச்சு மட்டுமே இரண்டு விரல் கனம் இருக்கும், சாதாரண ஆங்கர் போல்ட் அந்தப் பூச்சிலேயே நின்றுவிடும். நீள போல்டாக, செங்கலுக்குள் இறங்கும்படி, இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள இணைப்பில் படாமல் போட வேண்டும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் மறுபக்கம் வரை போகிற போல்டு. போல்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கிக் கொடுங்கள். கீசருக்குக் கீழே நின்று குளிக்கிற அமைப்பு இருந்தால் இடத்தையே மாற்றுங்கள்.

சுடுதண்ணீர் வரும் பைப் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், சாதா பிவிசி சூட்டில் தொய்ந்துபோகும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு, தனி வீட்டுக்கு எந்த கீசரும் தாங்கும். பிரஷர் பம்ப் வைத்திருக்கிறவர்கள், அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் இருக்கிறவர்கள் 8 பார் தாங்குவதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சேஃப்டி வால்வு. பச்சைத் தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் மாட்டும் சின்னப் பித்தளைச் சாமான் இது, சுட வைக்கும்போது அதன் ஓரத்துளையிலிருந்து சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் வரும். தண்ணீர் சூடானால் விரியும், 25 லிட்டர் 60 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டருக்கு மேல் கூடும், அது போக வழி வேண்டும். எங்கள் வீட்டில் முதல் கீசர் மாட்டின புதிதில், “இது சொட்டிக்கிட்டே இருக்குதேப்பா” என்று மாமியார் சொன்னதும், மாட்ட வந்த பையன் அந்தத் துளைக்கு ஒரு டம்மி போட்டு இறுக்கிவிட்டுப் போனான். சொட்டு நின்றது. எங்களுக்கும் நிம்மதி. நான்கு மாதம் கழித்து வேறு வேலைக்கு வந்த அதே மெக்கானிக் அண்ணன் நிமிர்ந்து பார்த்தவர், பேச்சை நிறுத்திவிட்டு முதலில் கீசர் சுவிட்சை அணைத்தார். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் சுட்டிருந்தால், விரியும் தண்ணீருக்கும் ஆவிக்கும் வெளியே போக வழியே இருந்திருக்காது. அந்த நான்கு மாதமும் குழந்தையை அதன் கீழேதான் குளிப்பாட்டினேன். அந்தத் துளையிலிருந்து ஒரு சின்ன டியூப் மாட்டித் தரைக்கு இறக்குங்கள், தொல்லை தீர்ந்தது. அடைக்க மட்டும் கூடாது. சுட வைக்காத நேரத்திலும் நிற்காமல் ஒழுகினால் வால்வை மாற்ற வேண்டும்.

மாட்டி முடித்ததும் சுவிட்சைப் போட அவசரப்படாதீர்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காற்று சீறுவது நின்று தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். டேங்க் நிறையாமல் போட்டால் புது எலிமென்ட் அன்றே போகும், அதற்கு வாரன்டியும் கேட்க முடியாது.

அதற்கப்புறம்

தெர்மோஸ்டாட்டை 55க்கும் 60க்கும் நடுவே வையுங்கள். 60க்கு மேல் போகப் போகச் சுண்ணாம்பு வேகமாகப் படியும், அந்தச் சூடு குழந்தையின் தோலைச் சில நொடியிலேயே கொப்பளிக்க வைக்கும். பக்கெட்டில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, அப்புறம் சுடுதண்ணீரைக் கலக்குங்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் டேங்கில் தேங்கின தண்ணீரைத் திறந்துவிட்டு, புதிதாக நிரப்பி ஒரு தடவை 60 டிகிரிக்கு முழுதாகச் சுட வைத்த பிறகு குளியுங்கள்.

போர் தண்ணீர் வீடு என்றால் முதல் வருடம் முடிந்ததும் டேங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை பிடிக்குமுன் புரட்டாசியில் கூப்பிட்டால் மெக்கானிக்குகள் ஓய்வாக வருவார்கள், மார்கழியில் யாரும் போனே எடுப்பதில்லை. ராடு பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள், பாதி மிச்சம் இருந்தால் அடுத்த வருடம். அந்த முதல் தடவையிலேயே உங்கள் தண்ணீருக்கு எத்தனை மாதம் என்று தெரிந்துவிடும். நாங்கள் கீசரின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ராடு மாற்றின தேதியை எழுதி வைக்கிறோம், யார் வந்து கழற்றினாலும் கேட்காமலே தெரியும். எங்கள் வீட்டுக்குப் பதினெட்டு மாதம். மஞ்சக்குப்பத்தில் பைப்புத் தண்ணீர் மட்டும் ஓடுகிற அக்கா வீட்டில் மூன்று வருடம் ஆகியும் ராடு இன்னும் விரல் தண்டி இருக்கிறது.